தட்டான்களோடு வந்த கொம்பன்

ஐப்பசி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, தட்டான்கள் வந்த அதே காற்றில், ஒரு கொம்பன் சுறாவும் இராயப்பர்துறைக்கு வந்து சேர்ந்தது. தட்டான்கள் வருவது எல்லா வருஷமும் நடப்பதுதான். மழைக்கு முன்னால் வடக்கேயிருந்து லட்சம் லட்சமாக வந்து, கருவாட்டுக் களத்துக்கு மேலேயும் கோயில் மணிக்கூண்டைச் சுற்றியும் துணிக்கொடிகளை ஒட்டியும் மூன்று நான்கு வாரம் மிதந்து கிடந்துவிட்டு, காற்று திரும்பியதும் கடலுக்கு மேலே கரை தெரியாத தூரத்துக்குப் போய்விடும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, பனை உயரத்தில், பதின்மூன்று அடி நீளத்தில், சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக, சுத்தியல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு அது நீந்தி வந்ததை முதலில் பார்த்தவள் களத்தில் நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்த பிலோமினா. நிமிர்ந்து பார்த்தாள். "இந்த வருசம் பெருசா ஒண்ணும் சேந்து வந்திருக்கு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள், ஏனென்றால் வெயில் இருக்கும்போது வானத்தைப் பார்த்து நின்றால் நெத்திலி காயாது.

ஊர் வாயைப் பிளக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. பிளந்தது. ஆனால் தட்டான் காலத்தில் இரண்டு நாளைக்கு மேல் வாயைப் பிளந்தபடி நின்றால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் மூன்றாம் நாள் மூடிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். போனபிறகுதான் அதன் சௌகரியங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. சுறாவின் நிழல் களத்தின் மேல் ஊர்ந்து போவதைக் கண்டு காக்கைகள் ஊரைவிட்டே ஓடிப்போயின, கருவாட்டுக்குக் காவலிருந்த பெண்கள் பத்து வருஷத்தில் முதல்முறையாக மத்தியானச் சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மழை வருமுன் தட்டான்கள் தாழ இறங்கும் என்பதால் களத்துப் பெண்கள் எப்போதும் ஒரு கண்ணை அவற்றின் மேல் வைத்திருப்பார்கள். இப்போது சுறாவும் அவற்றோடு சேர்ந்து தாழ்ந்தது, தட்டானைப்போல் இதைக் கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியதில்லை, சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாலே போதும். கடலுக்குப் போன ஆண்கள் திரும்பும்போது மணிக்கூண்டு கண்ணில் படுமுன்பே அதைக் கண்டு படகின் தலையைக் கரைக்குத் திருப்பினார்கள். பங்குச்சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில் அதைப்பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ, துணிக்கொடியைக் கொஞ்சம் தாழக் கட்டுங்கள், போன வாரம் என் அங்கியில் ஒன்று அதன் கொம்பில் மாட்டிக்கொண்டது என்று மட்டும் சொன்னார்.

இதை எழுதி வைக்க வேண்டிய பொறுப்பு ஜெசிந்தாவுக்கு வாய்த்தது. விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு ஊராட்சி அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்த அவளுக்கு ஒரே வேலைதான்: ஊரில் உள்ள உயிர்களையெல்லாம் ஒரு பெரிய பதிவேட்டில் எழுதுவது. உள்ளூர்ப் பெயர், எந்த வகுப்பு, முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, குறைந்திருந்தால் அதற்குக் காரணம், அடையாளம் சொன்னவர் கையெழுத்து. மீன் பக்கங்களில் நூற்று நாற்பது பெயர் நிரம்பி, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தாள். பூச்சிப் பக்கத்தில் நான்கே நான்கு: கொசு, ஈ, எறும்பு, தட்டான். வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். அதிலெல்லாம் என்ன இருக்கு என்று டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

உயிர்களைப் பிரிப்பதற்கு இராயப்பர்துறையிடம் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது, அது எந்தப் புத்தகத்தையும் கேட்டு உண்டானதில்லை. வலையில் வந்தால் மீன். காற்றோடு வந்து காற்றோடு போனால் பூச்சி. ஊரிலேயே கிடந்து தொல்லை கொடுத்தால் காக்கா. இந்தக் கணக்கில் ஆமையும் கடல் பாம்பும் நண்டும் சிங்கி இறாலும் மீன் பக்கத்தில் ஏறியிருந்தன. ஜெசிந்தா எவ்வளவு மன்றாடியும், எங்க வலையில வந்ததை நீ எப்படிட்டி மீன் இல்லங்கலாம் என்று ஊர்க் கமிட்டி ஒரே பிடியாக நின்றது. மாவட்டத்து உயிரினப் பாதுகாப்பு அதிகாரி இளம்பரிதி போன வருஷம் வந்து, ஒரு பக்கத்தையும் படிக்காமல், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அந்த வாரம் முழுவதும் அவள் கழுத்து வலிக்க வலிக்க மேலேயே பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஆசை அடங்கவில்லை. ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் தட்டானை ஒரு பக்கமும் கொம்பனை ஒரு பக்கமும் எழுதிப் பொருத்திப் பார்த்தாள். தட்டானுக்கும் கண்கள் தலையின் இரு ஓரத்தில், கொம்பனுக்கும் அப்படியே. தட்டானுக்கு எலும்பு கிடையாது, ஓட்டைத்தான் வெளியே சட்டையாகப் போட்டிருக்கிறது. கொம்பனுக்கும் எலும்பு கிடையாது, உள்ளே வெறும் குருத்துதான். இரண்டும் மனிதன் பிறக்கக் கோடிக்கணக்கான வருஷம் இருக்கும்போதே பிறந்துவிட்டவை, அதனால் மனிதனைப் பற்றி இரண்டுக்கும் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இருக்க நியாயமில்லை. ஆனால் அவள் படித்த புத்தகம் தட்டானுக்கு நேரே 'கவலைக்கு இடமில்லை' என்று போட்டிருந்தது. கொம்பனுக்கு நேரே 'அழிவின் விளிம்பில்' என்று போட்டிருந்தது. கவலைக்கு இடமில்லை என்று ஒரு உயிரைப் பற்றி யாரோ எழுதி வைத்திருப்பதைப் படித்தபோது அவளுக்கு அந்தப் பூச்சியின்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

கொம்பனுக்கான வரிசையை அவள் மீன் பக்கத்தில் ஒரு வருஷமாகவே முடிக்காமல் விட்டிருந்தாள். அதற்குக் காரணம் அவள் அப்பா கஸ்பார்.

கஸ்பார் முப்பத்தொரு வருஷம் கொம்பன் பிடித்தவர். அந்தக் கரையில் சுறாத் தூண்டில் போட அவரைப்போல் ஆள் கிடையாது என்று எதிரிகூட ஒப்புக்கொள்வான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கடலிலிருந்து வந்து, தூண்டில் பெட்டியை அப்படியே படகுக்காரனிடம் கொடுத்துவிட்டு, மறுநாளே ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கும் வேலைக்குப் போய்விட்டார். ஏன் என்று ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மட்டும் சொன்னார், சாமியாரும் சனிக்கிழமைதோறும் "கஸ்பார், அது தொழில், பாவமில்லை" என்று சொல்லி ஒரு அபராதமும் கொடுக்காமல் அனுப்பிவைத்தார். பதிவேட்டில் 'குறைந்ததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருப்பது தெரிந்ததும் அவர் மகளிடம் வந்து நின்றார்.

"அந்தக் கட்டத்துல எம்பேரை எழுதுட்டி."

"ஒரு ஆளு புடிச்சு ஒரு இனமே போயிருமாப்பா? எத்தனை விசைப்படகு, எத்தனை ஊரு..."

"கடைசியாப் புடிச்சவன்னு ஒருத்தன் உண்டும்லா. அது நான்தான். அன்னைக்கு ஏத்தினது சினைச் சுறா. படகுல இழுத்துப் போட்டதும் குட்டி போட ஆரம்பிச்சிட்டு. இருபத்திரெண்டு. ஒண்ணொண்ணா பலகையில விழுந்து துள்ளுது. பொறக்கும்போது அதுக்குக் கொம்பு மடங்கி இருக்கும், பாத்துக்க, ஈரத் தாளு கணக்கா. நான் அதுங்க மேல மிதிச்சு நடந்துதான் மிச்சத் தூண்டிலை இழுத்தேன். அதுக்குப் பொறவு இந்தக் கரையில ஒருத்தன் வலையிலயும் கொம்பன் வரல. நீ படிச்சவ. காரணம்னா காரணத்தை எழுதணும்."

அவள் எழுதவில்லை. பெற்ற அப்பனின் பெயரை அப்படி ஒரு கட்டத்தில் எழுத எந்த மகளுக்குக் கை வரும்? நாளைக்கு எழுதுதேன் என்று ஒரு வருஷத்தைக் கடத்தினாள்.

இப்போது சுறா தலைக்கு மேலேயே வந்து நின்றது. கஸ்பார் மத்தியானம் ஐஸ் கம்பெனியிலிருந்து ஈரச் சட்டையோடு வந்து, களத்தின் ஓரத்தில், அதன் நேர் கீழே நின்றுகொள்வார். அது நகர்ந்தால் அவரும் நகர்வார். இப்படி ஒரு வாரம் நின்றபிறகு மகளைக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "வயித்தைப் பாரு. நாளு நெருங்கிட்டு."

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி இளம்பரிதி வந்தார். கையில் ஓர் உத்தரவு, பின்னால் ஒரு லாரி, லாரியில் ஒரு கிரேன், ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. மனுஷர் கெட்டவர் இல்லை. காரைவிட்டு இறங்கி மேலே பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது உண்மையான பதற்றம். "சுறா தண்ணீரில் இருக்க வேண்டிய உயிர். செவுளில் தண்ணீர் ஓடாமல் மூச்சு முட்டிச் செத்துப்போனால் யார் பதில் சொல்வது? அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். உடனே இறக்கித் தொட்டியில் விட்டு நகரத்துக் காட்சிசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பதிவேட்டில் இதை ஏற்றி, அந்தப் பக்கத்தை எனக்குக் கொடுங்கள், அதுதான் எனக்கு ஆதாரம்."

ஜெசிந்தா கிரேனின் இரும்புக் கொக்கியைப் பார்த்தாள். சினையாக இருப்பதைக் கொக்கி போட்டு இழுத்தால் என்ன நடக்கும் என்று ஊரிலேயே அறிந்தவர் ஒருவர்தான். அவர் ஐஸ் உடைக்கிற சுத்தியலோடு கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எந்தப் பக்கத்துல சார் ஏத்தணும்?" என்று அவள் கேட்டாள்.

"என்னம்மா கேள்வி இது? சுறா. மீன் பக்கத்தில்."

"அது எப்படி?" என்றாள் பிலோமினா, கருவாட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து. "இது யாரு வலையில வந்திச்சு? காத்தோட வந்திருக்கு, காத்தோட போவப்போவுது. அப்ப பூச்சிதானே?"

"அம்மா, வகுப்பு என்பது அப்படிப் பிரிப்பதில்லை..."

"நாங்க அப்படித்தான் பிரிச்சிருக்கோம். ஆமையை மீனுன்னு எழுதியிருக்கு, கடல் பாம்பை மீனுன்னு எழுதியிருக்கு. போன வருசம் நீங்கதான் கையெழுத்துப் போட்டீய. ஏட்டி, அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டு."

ஜெசிந்தா எடுத்துக் காட்டினாள். இளம்பரிதி தம் கையெழுத்தைத் தாமே முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். கூட்டம் சூடுபிடித்தது. பூச்சின்னா ஆறு கால் வேணும்லா என்று ஒருவர் சந்தேகம் கிளப்ப, மார்புச் செட்டை ரெண்டு, வயித்துச் செட்டை ரெண்டு, முதுகுல ரெண்டு, எண்ணிப் பாரு ஆறு என்று இன்னொருவர் விரல் மடக்கினார். வாலுக்கு முன்னாடி அடியில ஒண்ணு இருக்கே, அதை விட்டுட்டியே என்று முதலாமவர் கேட்டதற்கு, எல்லாத்துலயும் ஒண்ணு கூடக் குறைய இருக்கத்தான் செய்யும் என்று பதில் வந்தது.

"செவுள் இருக்கிறதே!" என்றார் இளம்பரிதி, கடைசிக் கிளையைப் பிடித்துக்கொள்பவரைப்போல. "செவுள் உள்ள பூச்சி உண்டா?"

"உண்டு சார்" என்றாள் ஜெசிந்தா. இந்த இடத்தில்தான் அவள் படிப்பு அவளுக்கு உதவியது. "தட்டான் சின்னதா இருக்கும்போது தண்ணிக்குள்ளதான் கெடக்கும், செவுளாலதான் மூச்சு விடும். நாள் வந்ததும் மேல ஏறி, தோலைக் கழத்திப் போட்டுட்டுப் பறந்துபோவும். தண்ணிக்குள்ள எவ்வளவு நாள் இருக்கணும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு. இதுக்குக் கொஞ்சம் அதிகமா ஆயிருக்கும்னு நெனைக்கேன் சார். ஒரு நாப்பது கோடி வருசம்."

அதிகாரி சிரிக்கவில்லை. யோசித்தார். யோசிக்கிற அதிகாரியை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை என்பதால் எல்லோரும் மரியாதையோடு அமைதியானார்கள். பிறகு அவர் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"நானும் நீங்களும் வாதாடி முடியாது. விதிப்படி, அந்த உயிரை நன்கு அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் சொல்வதை நான் ஏற்கிறேன். இங்கே சுறாவை அறிந்தவர் யார்?"

இராயப்பர்துறை முழுக்கத் திரும்பி ஒரே ஆளைப் பார்த்தது. கஸ்பார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தார். அப்பா பொய் சொல்லி ஜெசிந்தா பார்த்ததேயில்லை. மீன் எடையில், சம்பள நாளில், அம்மா சாகக் கிடந்தபோது டாக்டர் சொன்னதில்கூட ஒரு பொய்யும் சொல்லாத வறட்டு மனுஷர். அவர் பதினோரு வருஷமாகச் சாமியாரிடமும் பிறகு மகளிடமும் கேட்டுக்கொண்டிருந்தது இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சுறா என்று ஒரு வார்த்தை சொன்னால் மீன் பக்கம் திறக்கும், காரணம் என்ற கட்டமும் அதோடு திறக்கும், அரசாங்கமே வந்து நிற்கும்போது அவர் பெயர் அதில் ஏறும். பூச்சி என்றால் அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் கிடையாது. கவலைக்கு இடமில்லாததற்கு யாரைக் காரணம் சொல்வது?

அவர் மேலே பார்த்தார். கொம்பன் அவருக்கு நேர் மேலே வந்து, ஒரு பக்கத்துக் கண்ணால் கீழே பார்த்தது, பிறகு திரும்பி மறுபக்கத்துக் கண்ணாலும் பார்த்தது. அதன் முதுகுச் செட்டையில் ஏழெட்டுத் தட்டான்கள் உட்கார்ந்திருந்தன.

"முப்பத்தொண்ணு வருசம் கொம்பன் புடிச்சவன் நான், சார்" என்றார் கஸ்பார். குரல் நன்றாகத்தான் இருந்தது. "இருட்டுல தொட்டாக்கூட எனக்குத் தெரியும். இது கொம்பன் இல்ல."

"அப்போது இது என்ன?"

"பூச்சி."

பேனாவை வாங்கி, பூச்சிப் பக்கத்தில், ஐந்தாவது வரிசையில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். இளம்பரிதி அவர் முகத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "பூச்சிகளுக்கு எங்கள் அலுவலகத்தில் தொட்டி கிடையாது" என்றார். சொல்லும்போது அவர் தோள் இறங்கியதை ஜெசிந்தா கவனித்தாள். லாரி தன் கொக்கியை ஆட்டிக்கொண்டே திரும்பிப் போனது.

"ஆண்டவரைத் தெரியாதுன்னு சொன்ன நம்ம இராயப்பர் மாதிரியே மறுதலிச்சுட்டீய அண்ணே" என்றாள் பிலோமினா, விளையாட்டாகத்தான்.

"அவருக்காவது அழ ஒரு சேவல் கூவிச்சு" என்றார் கஸ்பார். அவர் சிரிக்கவில்லை, அதனால் பிலோமினாவும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை அவர் கோயிலுக்குப் போகவில்லை. இரவில் கூடத்தில் படுத்துக்கொண்டு, "எழுத வேண்டியதை எழுதாம ஆக்கிட்டேன்ட்டி, இனி அதுக்கு எங்கயும் இடமில்ல" என்று மகளிடம் ஒரே ஒரு முறை சொன்னார். ஜெசிந்தா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செய்தது சரிதான்பா என்று சொல்லியிருக்கலாம். சரி என்று சாமியாரே பதினோரு வருஷமாகச் சொல்லியும் கேட்காதவர் அவள் சொன்னால் கேட்கவா போகிறார்?

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குக் கொம்பன் திடீரென்று தாழ இறங்கியது. கூரை உயரத்துக்கு இறங்கியது, அதோடு தட்டான்களும் இறங்கின. மழை, மழை என்று கத்திக்கொண்டு பெண்கள் களத்திலிருந்து நெத்திலியை வாரத் தொடங்கினார்கள், ஆனால் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஐஸ் கம்பெனியிலிருந்து கஸ்பார் ஓடி வருவதை ஜெசிந்தா அலுவலக வாசலிலிருந்து கண்டு தானும் ஓடினாள். அறுபத்திரண்டு வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று அவளுக்குத் தெரியாது. வந்தவர் பிலோமினாவின் நெத்திலி காய்ந்துகொண்டிருந்த வலையை அப்படியே உருவினார். மூன்று நாள் காய்ந்த நெத்திலி மண்ணில் சிதறியது, பிலோமினா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"புடிங்க, நாலு மூலையையும் புடிங்க! விழப்போவுது, எல்லாம் விழப்போவுது!"

பெண்கள் மூலைகளைப் பிடித்தார்கள். பிலோமினா ஒன்றை, ஜெசிந்தா ஒன்றை. நடுவில் கஸ்பார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். முதல் குட்டி வந்தது. முழங்கை நீளம், கொம்பு பின்னால் மடங்கி, நனைந்து, சுருங்கி. அது ஒரு சாண் கீழே இறங்கியது. கஸ்பார் நெஞ்சே பிளந்துபோகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். குட்டி உடம்பை ஒரு உதறு உதறியது, மடங்கிய கொம்பு இரண்டு பக்கமும் விரிந்தது, விரிந்ததும் அது நின்றுவிட்டது, காற்றில், அவர் விரல் நுனிக்கு ஒரு முழம் மேலே, தட்டான்களுக்கு நடுவே. ஒரு தட்டான் வந்து அதன்மேல் உட்கார்ந்தது, கனம் தாங்காமல் குட்டி கொஞ்சம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்துகொண்டது.

இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் விழுது, விழுது என்று கத்திக்கொண்டு வலையை அந்தப் பக்கம் இழுத்தார், பெண்கள் அவரோடு ஓடினார்கள், களத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நெத்திலியை மிதித்துக்கொண்டு ஓடினார்கள், படகுகளிலிருந்து ஆண்கள் இறங்கி வந்து ஆளுக்கு ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், பங்குச்சாமியாரும் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு விளிம்பைப் பிடித்தார். பதினாறு வரை எண்ணிய ஜெசிந்தா அதற்குமேல் கண் மறைத்து எண்ண முடியாமல் விட்டுவிட்டாள். ஊருக்கு மேலே, மணிக்கூண்டுக்கும் துணிக்கொடிக்கும் நடுவே, தட்டான்களும் குட்டிகளுமாக ஒரே இரைச்சல். எது எது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

கடைசிக் குட்டியும் நிமிர்ந்தபிறகு தாய் மெதுவாக மேலே ஏறியது. காற்று கரையிலிருந்து கடலுக்குத் திரும்பியிருந்தது. எல்லாம் சேர்ந்து கடலுக்கு மேலே போகத் தொடங்கின, முதலில் தட்டான்கள், பிறகு குட்டிகள், கடைசியில் தாய், எதுவும் அவசரப்படவில்லை.

கஸ்பார் நடுக் களத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணி கண்ணியாக விரலால் விலக்கிப் பார்த்தார். நான்கு மூலைவரை பார்த்தார். ஒட்டியிருந்த இரண்டு நெத்திலித் தலையை எடுத்து எறிந்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு ஊர் மொத்தமும் பார்த்திருக்க, வெட்கமில்லாமல், குழந்தையைப்போல் வாய்விட்டு அழுதார்.

"ஏட்டி ஜெசி" என்றார், வெறும் வலையை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு. "பாத்தியா? வலையில ஒண்ணுகூட வரலட்டி."